செட்டிநாட்டில் பழைய நாற்காலியும் ஊஞ்சலும் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைக்குள் நுழைந்து ஒரு நாற்காலியைத் தொட்டால், அது எந்த ஊர்ப் பெரிய வீட்டின் முகப்பில் கிடந்தது என்னும் வரலாறுதான் முதலில் காதில் விழும். அந்த வரலாறு மெய்யாகவும் இருக்கலாம். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது செட்டிநாட்டு நகரத்தார் அங்கே நடத்திவந்த வட்டித்தொழில் நிலைகுலைந்தது. பின்னர் பங்காளிகளுக்குள் பிரிந்த வீடுகள் பல இடிக்கப்பட்டு, தூணும் நிலைக்கதவும் நாற்காலியும் சந்தைக்கு வந்தன. ஆனால் வேறெங்கோ அண்மையில் செய்து சாயமேற்றிய சாமான்களும் அதே கடையில், அதே தூசியோடு, அதே கதையோடு நிற்கக்கூடும். பொருளைப் பார்க்குமுன் கதைக்கு விலை பேசிவிடுவதே வாங்குவோர் செய்யும் முதல் தவறு.

நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. மேற்புறத்தை எப்படி வேண்டுமானாலும் மினுக்கிவிடலாம். அடிப்புறம் அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. பழைய தச்சர்கள் கண்ணுக்குத் தெரியாத இடங்களை இழைத்து மெருகேற்ற மெனக்கெட்டதில்லை என்பதால், அங்கே மரம் தன்போக்கில், திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கும். மூலை முடுக்கெல்லாம் ஒரே கருமையாக இருந்தால் அது சாயமாக இருக்க வாய்ப்பு அதிகம். தேய்மானமும் உடல் படும் இடத்தில்தான் இருக்க வேண்டும்: கைப்பிடியின் நுனி, முன்கால்களை இணைக்கும் குறுக்குக் கட்டை, கால்களின் அடி. யாரும் தொடாத முதுகுப்புறச் சட்டம் தேய்ந்து, கைப்பிடி கூர்மையாக இருக்குமானால் அங்கே உப்புத்தாள் வேலை செய்திருக்கிறது.

ஆணியும் திருகாணியும் இல்லாததே பழமைக்குச் சான்று என்று பலர் நம்புகிறார்கள். இது பாதி உண்மைதான். கூட்டல் குறி போன்ற தலைவெட்டுள்ள திருகாணி 1930களில் வந்தது; ஆகவே நூறாண்டுப் பொருள் என்று சொல்லப்படும் நாற்காலியில் அது காணப்பட்டால், பின்னாளில் பழுது பார்த்திருக்கிறார்கள், அல்லது பொருளே புதியது. ஆனால் வளைத்த மரத்தாலான ஐரோப்பிய நாற்காலிகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. தோனெட் நிறுவனம் 1859இல் கொண்டுவந்த புகழ்பெற்ற 14ஆம் எண் நாற்காலியே ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள் ஆகியவற்றால் ஆனது. அந்த வகை நாற்காலியில் திருகாணி இருப்பது இயல்பு. திருகாணித் துளைகள் தளர்ந்து ஆடுகின்றனவா என்பதையே பார்க்க வேண்டும். அந்த நாற்காலிகள் பெரும்பாலும் பீச் மரத்தால் ஆனவை. அதை வண்டு எளிதில் துளைக்கும்.

தேக்கிலும் உளு விழும். வைரம் பாய்ந்த பகுதி நெடுங்காலம் தாங்கும். வெளுத்த நிறத்திலுள்ள வெளிற்றை, அதாவது மரத்தின் வெளிப்பகுதியை, வண்டு விடாது. துளைகள் இருப்பதாலேயே ஒரு நாற்காலியை ஒதுக்க வேண்டியதில்லை. வெள்ளைத் தாளின்மேல் அதை நிறுத்திக் கையால் தட்டினால் புதிய மரத்தூள் உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கக்கூடும். அதை வீட்டுக்குள் கொண்டுபோனால் நிலைக்கதவுக்கும் பங்கு வைக்கும். "பர்மா தேக்கு" என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். பர்மாவில் வளர்ந்த தேக்கையும் கேரளத்து நிலம்பூர்த் தேக்கையும் கண்ணால் பார்த்தே பிரித்துவிடுவதாகச் சொல்பவரை நம்ப எனக்குத் துணிவில்லை. கருங்காலி மாலைக்கு மவுசு வந்த பிறகு, கறுப்புச் சாயம் பூசிய எதையும் கருங்காலி என்று விற்பதற்குத் துணிவு கூடியிருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

உட்கார்ந்து பார்க்காமல் வாங்குவது, இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. ஏறக்குறைய 30 அங்குல உயரமுள்ள சாப்பாட்டு மேசைக்கு 17 முதல் 18 அங்குல இருக்கை பொருந்தும். தரையைக் கழுவிக் கழுவிக் கால்நுனி இற்றுப்போன நாற்காலிகளை அடியில் அறுத்துச் சமன் செய்திருப்பதும் உண்டு. இரண்டங்குலம் குறைந்தால் தட்டு மார்புக்கு எட்டிவிடும். கைச்சட்டங்களை முன்னே நீட்டி அவற்றின்மேல் காலைப் போட்டுக்கொள்ளும் பெரிய சாய்வு நாற்காலி பார்க்க எடுப்பானது. எனினும் தாழ்வாகச் சாய்ந்திருப்பதால் மூட்டுவலி உள்ள ஆச்சியோ ஐயாவோ அதிலிருந்து தனியே எழுவது கடினம். காலை நீட்டினால் அது அடைக்கும் இடத்தையும் அளந்துகொள்ள வேண்டும்.

பிரம்புப் பின்னல் அறுந்திருப்பது குறையன்று, பின்னிக்கொள்ளலாம். சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருந்தால் அது கையால் பின்னும் வகை; பள்ளம் மட்டும் இருந்தால் முன்பே பின்னி வைத்த பிரம்பு விரிப்பை வைத்து அழுத்தும் வகை. துளைகளை அடைத்துப் பலகை அறைந்திருந்தால், ஆணிகள் சட்டத்தைப் பிளந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

ஊஞ்சலில் பலகையைவிடச் சங்கிலிக்கும் கொக்கிக்கும் கவனம் தேவை. பித்தளை என்று தரும் சங்கிலியில் காந்தம் ஒட்டினால் அது இரும்பின்மேல் பூசிய பூச்சு. உயரமான பழைய வீட்டில் 12 அடிச் சங்கிலியில் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 3.8 நொடி ஆகும். அடுக்கக வீட்டில் அதை 8 அடியாக வெட்டினால் 3.1 நொடிதான். அந்த நிதானமான ஆட்டத்தை எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாந்துபோவார். கான்கிரீட் தளத்தில் பிளாஸ்டிக் பிளக் வைத்துக் கொக்கி மாட்டுவது ஆபத்து. உத்தரத்தில் எங்கே, எப்படிப் பொருத்துவது என்பதைக் கட்டடப் பொறியாளர் சொல்ல வேண்டும்.

வாங்கிவந்த மறுநாளே முழுவதையும் இழைத்துப் பளபளப்பான பாலிஷ் அடிப்பவர்கள், பணம் கொடுத்து வாங்கிய பழமையையே சுரண்டி எறிகிறார்கள். மறைவிடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்குப் பாலிஷாக இருக்கலாம். அதைச் சுத்தம் செய்து, தேவையான இடத்தில் மட்டும் மீண்டும் பூசினால் போதும்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்பும் எண்ணத்தோடு வாங்குவோர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொருள் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள்களாகக் கருதப்படும். அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. நூறாண்டு ஆனது என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்த ரசீதே துறைமுகத்தில் பெட்டியை நிறுத்திவிடக்கூடும்.