பழைய எம்எக்ஸ்-5 சூடாகிறதா? ரேடியேட்டர் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1989-இல் வெளிவந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 ஆயிரம் கிலோவுக்குள் அடங்கும் சின்ன கார். புதிதாக இருந்தபோது அதன் கூலிங் சிஸ்டம் சாதாரண ஓட்டத்துக்குத் தாராளமாகவே போதுமானதாக இருந்தது. இன்று வெப்பம் காட்டும் முள் மேலே ஏறுகிறதென்றால் ஏதோ ஒன்று அடைத்திருக்கிறது, கசிகிறது, அல்லது கழன்று காணாமல் போயிருக்கிறது. அதைத் தேடாமல் பெரிய அலுமினிய ரேடியேட்டரை வாங்கி மாட்டுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதன் பின்னாலேயே வரிசைகட்டி வரும்.

முதலில் பார்க்க வேண்டியது, எப்போது சூடாகிறது என்பது. நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள். வேகமாக ஓடும்போதுதான் ஏறுகிறதென்றால் ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வேகத்தில் காற்று தானாகவே புகுந்துவிடும். அங்கே சந்தேகப்பட வேண்டியவை காற்றின் வழி, உள்ளே அடைத்த ரேடியேட்டர், வாட்டர் பம்ப். ஃபேனைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. பானெட்டுக்கு அடியில் உள்ள டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஎஃப்ஏ (TFA) முனையையும் கிரவுண்ட் (GND) முனையையும் ஒரு வயரால் இணைத்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டாரும் ரிலேயும் ஃபியூஸும் நலம். மிச்சம் இருப்பது சூடு ஏறினால் ஃபேனை இயக்கும் தெர்மோ ஸ்விட்ச், அதன் வயர், அல்லது ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் கூலன்ட்டுக்குப் (குளிர்விக்கும் திரவத்துக்குப்) பதில் காற்று நிற்பது.

டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்புவதும் ஆபத்து. அந்தக் காலத்துப் பல கார்களில் முள் நடுவிலேயே படுத்திருக்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அது நகர்ந்து கண்ணில் படும்போது வெப்பம் எங்கோ போயிருக்கும். டிகிரி காட்டும் தனி மீட்டர் ஒன்று பொருத்திவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

காற்றின் வழியைக் கெடுப்பது

அதிகம் நடப்பதும் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். காரின் மூக்குக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு. ஆயில் மாற்றும்போது கழற்றியவர்கள், போல்ட் உடைந்ததால் அப்படியே விட்டிருப்பார்கள். அது வெறும் சேறு தடுப்பு அல்ல. முன்வாயில் புகுந்த காற்றை ரேடியேட்டருக்குள் தள்ளுவதும், அதன் பின்பக்கம் அழுத்தம் குறைவாக இருக்கச் செய்வதும் அதன் வேலை. தட்டு இல்லையென்றால் காற்று ரேடியேட்டரைத் தொடாமல் அடியால் நழுவிவிடும். காற்றுக்கு எது சுலபமோ அதுதான் வழி. ரேடியேட்டரின் இருபுறமும் மேலும் உள்ள இடைவெளிகளையும் மெல்லிய அலுமினியத் தகட்டாலோ அடர்த்தியான ஃபோம் பட்டையாலோ அடைத்துவிடுங்கள். ஏசி உள்ள காரில் முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சேரும் இலை, பூச்சி, மண்ணைக் கழற்றித்தான் எடுக்க முடியும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

பானெட்டின் பின் விளிம்பை வாஷர் வைத்துத் தூக்கிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. பார்க்க ரேஸ் கார் போல இருக்கும், சரி. ஆனால் வேகமாக ஓடும்போது முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்றழுத்தம் அதிகம். சூடான காற்று வெளியேறுவதற்குப் பதில் வெளிக்காற்று உள்ளே நுழைந்து, ரேடியேட்டர் வழியாக வரும் ஓட்டத்தைத் தடுக்கும். பானெட்டில் துளை போடுவதென்றால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், அழுத்தம் குறைந்த பகுதியில் போட வேண்டும்.

தடிமனான ரேடியேட்டரோடு கம்பெனி ஃபேன் கூண்டை (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரை மூடும் உறையை) கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு மெல்லிய ஃபேன்களை நேராக ஒட்டவைப்பதும் அதே ரகம். கூண்டு இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு எதிரே உள்ள பகுதியிலிருந்து மட்டுமே காற்றை இழுக்கும்; மூலைகள் சும்மா கிடக்கும். தடிமன் கூடக் கூட இழுக்கும் பலமும் கூட வேண்டும். ஃபேனைப் பிடித்துவைக்கப் பிளாஸ்டிக் கேபிள் டையை ரேடியேட்டர் இதழ்களுக்குள் குத்திக் கட்டுவது, அதிர்வில் குழாயை அரித்து ஓட்டை போடும்.

தெர்மோஸ்டாட்டும் ஹீட்டரும்

சூடேறியதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் குளிர்ச்சி கூடும் என்பது பழைய நம்பிக்கை. கழற்றினால் என்ஜின் சூடேறவே நேரமாகும். அதுவரை கணினி கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். 88 டிகிரிக்குப் பதில் 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் போட்டாலும் முன்னதாகத் திறக்குமே தவிர, ரேடியேட்டரின் திறன் ஒரு துளியும் அதிகரிக்காது. மாட்டும்போது அதிலுள்ள சின்ன ஆடும் ஊசி மேல்பக்கம் இருக்கட்டும். காற்று வெளியேற அதுதான் வாசல்.

எம்எக்ஸ்-5-க்கே உரிய சிக்கல் ஒன்று. இந்த என்ஜின் முன்சக்கர இழுவை கொண்ட மாஸ்டா 323-இன் குடும்பம். அங்கே குறுக்காகப் படுத்திருந்ததை இங்கே நெடுக்காகத் திருப்பியபோது, என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் இருந்த கூலன்ட் வெளிவாய் முன்பக்கம் மாறியது. ஆக முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறுகிறது. பின்னால் உள்ள நான்காவது சிலிண்டருக்கு ஓட்டம் குறைவு. சாதாரணச் சாலைக் காருக்கு இது பிரச்சினை இல்லை. டர்போ போட்டவர்களும் டிராக்கில் விரட்டுபவர்களும்தான் வெளிவாயைத் திரும்பப் பின்னால் கொண்டுபோகும் வேலையை நினைக்க வேண்டும். ஆனால் ஹெட்டின் பின்னாலிருந்து கூலன்ட்டை இழுப்பது ஹீட்டர் லைன் என்பதை மறக்கக் கூடாது. எடை குறைக்க ஹீட்டரைக் கழற்றி இரு முனைகளையும் மூடிவிட்டால், ஏற்கெனவே வாடும் அந்தச் சிலிண்டர் இன்னும் வாடும். மூடாமல் இரு முனைகளையும் ஒரு ஹோஸால் இணைத்துவிடுங்கள்.

கூலன்ட் ஊற்றுவதில்

மொத்தக் கொள்ளளவு சுமார் 6 லிட்டர். ரேடியேட்டர் வடிகாலைத் திறந்தால் அதில் ஒரு பகுதிதான் வெளியே வரும். மீதி என்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கும். தண்ணீர் விட்டு அலசிவிட்டு, பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட்டை ஊற்றினால் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் அதை நீர்த்துப்போகச் செய்யும். ஆகவே கலக்காத கூலன்ட்டை முதலில் 3 லிட்டர் ஊற்றி, பிறகு டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். குழாய் நீர் வேண்டாம், உப்பு படியும். வெவ்வேறு வகைக் கூலன்ட்டுகளை நிறத்தை நம்பிக் கலக்கவும் வேண்டாம்.

நிரப்பும்போது காரின் மூக்கு உயர்ந்திருக்கட்டும், ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கட்டும். மூடி திறந்தபடி என்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிக் குமிழ்களை வெளியேற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கியதும் மீண்டும் நிரப்பி மூடுங்கள். ஓட்டிவிட்டு வந்த சூடான என்ஜினில் மட்டும் மூடியில் கைவைக்காதீர்கள்.

ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்புக்கு மாறியிருந்தால் விரிசலுக்குக் காத்திருக்காமல் மாற்றிவிடலாம். அப்போது 0.9 பார் அழுத்தத்துக்கான ரேடியேட்டர் மூடியையும் புதிதாகப் போடுங்கள். ரப்பர் தளர்ந்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, அழுத்தம் இல்லையென்றால் கூலன்ட் சீக்கிரமே கொதிக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறதா? காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில், சூடேறும் முன்பே, அது கல்லாக இறுகினால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் மஞ்சளானால், மாற்ற வேண்டியது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட்.