நிலக்கடலைச் சாகுபடி: முதல் நாற்பத்தைந்து நாட்களின் வேலை

நிலக்கடலை மண்ணுக்கு மேலே பூத்து மண்ணுக்குள்ளே காய்க்கிறது. பூ கருவுற்ற பிறகு அதன் அடியிலிருந்து விழுது நீண்டு, கீழ்நோக்கி வளர்ந்து, மண்ணைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. ஏறக்குறைய இரண்டு அங்குல ஆழத்தில் அதன் நுனி பருத்துக் காயாகிறது. ஆகவே இப்பயிரில் விளைச்சலைத் தீர்மானிப்பது மேல்மண்ணின் முதல் சில அங்குலங்களே. அந்த மண் பொலபொலப்பாக இருக்கிறதா, விழுது இறங்கும் நேரத்தில் ஈரமாக இருக்கிறதா, காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அங்கே கிடைக்கிறதா என்ற மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டால், உழவு முதல் மண் அணைப்பு வரை ஒவ்வொரு வேலையும் எதற்காக என்பது விளங்கிவிடும்.

வடிகால் வசதியுள்ள செம்மண்ணும் மணல் கலந்த செம்மண்ணும் இதற்கு ஏற்றவை. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் கடலை வேரூன்றியதற்கு இந்த மண்ணும் ஒரு காரணம். கனத்த களிமண்ணில் பயிர் பச்சைப்பசேலென்று வளர்ந்தாலும், பிடுங்கும்போது காம்பு அறுந்து பாதிக் காய் மண்ணிலேயே தங்கிவிடும். மானாவாரிக்கு ஆடிப்பட்டமும், இறவைக்கு மார்கழி, தைப் பட்டமும் வழக்கமானவை. ஏக்கருக்கு ஐந்து டன் மக்கிய தொழுவுரம் இட்டு, கட்டி உடையும் வரை இரண்டு மூன்று முறை உழ வேண்டும். பல ஆண்டுகள் ஒரே ஆழத்தில் உழுததால் அடிமண் இறுகிப்போன நிலமாயின், உளிக்கலப்பையால் ஒருமுறை கீறிவிடுவது நல்லது.

விதையின் அளவைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளி விட்டால் ஒரு சதுர மீட்டரில் 33 செடிகளும், ஓர் ஏக்கரில் சுமார் 1,33,000 செடிகளும் நிற்கும். நூறு பருப்பு 35 கிராம் எடையுள்ள இரகம் என்றால், இதற்கு ஏறத்தாழ 47 கிலோ பருப்பு வேண்டும். முளைக்காதவற்றையும் எண்ணிப் பார்த்து 50 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பருப்பு பெரிதான இரகத்துக்கு இன்னும் கூடும். இந்தச் செலவைக் கண்டு மலைத்து முப்பத்தைந்து கிலோவோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. செடி நிமிர்ந்து வளரும் கொத்து இரகங்கள் படர்ந்து இடைவெளியை நிரப்புவதில்லை. விட்ட இடம் களைக்குத்தான் போகும். இரகத்தைப் பொறுத்தவரை, திண்டிவனம், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்டவற்றில் தம் பட்டத்துக்குரியதை வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுத் தேர்ந்துகொள்ளலாம்.

சுருங்கிய, உடைந்த, தோலுரிந்த பருப்பைக் கழித்துவிட்டு, மீந்ததை ஒரு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து விதைத்தால், முளைத்த சில வாரங்களில் தண்டின் அடியைத் தாக்கும் கழுத்தழுகல் நோய் பெருமளவு குறையும். பின்னர், காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குச் சேர்க்கும் ரைசோபியம் நுண்ணுயிரை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதைமீது பூசி நிழலில் உலர்த்த வேண்டும். பூசணக் கொல்லி மருந்தைப் பயன்படுத்துவதாக இருந்தால், அதை முதல் நாளே கலந்து, ஒரு நாள் கழித்து ரைசோபியத்தைப் பூசுவதே முறை. விதை 4 முதல் 5 செ.மீ. ஆழத்தில் விழுந்தால் போதும்.

விதைத்ததும் ஒரு தண்ணீரும், நான்கைந்து நாட்களில் உயிர்த்தண்ணீரும் கொடுத்த பிறகு, இருபது நாள் வரை பயிரைச் சற்றுக் காயவிடலாம். அந்தச் சிறு வாட்டத்தில் செடி வீணாகத் தழைக்காமல் வேர் ஊன்றிப் பிற்பாடு ஒருசேரப் பூக்கும். பூக்கும் பருவம், விழுது இறங்கும் பருவம், காய் பிடித்து முற்றும் பருவம் ஆகிய மூன்றிலும் ஈரம் குறையக் கூடாது. ஆனால் தேங்கவும் கூடாது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் தண்ணீர் தேங்கினால் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இளந்தழை வெளுத்துவிடும். இதைத் தழைச்சத்துக் குறைவென்று எண்ணி யூரியா போடுவதால் பயனில்லை. நீரை வடித்து, 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்தால் நிறம் திரும்பும்.

முதல் களையை இருபதாம் நாளை ஒட்டி எடுத்துவிட வேண்டும். இரண்டாம் களை நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் வருகிறது. இப்பயிரில் தவறவே கூடாத நாள் என்றால் அதுதான். சுண்ணாம்புச் சத்து தரும் ஜிப்சத்தை ஏக்கருக்கு 160 கிலோ என்ற அளவில் செடியின் அடியில் இருபுறமும் தூவி, கொத்திக் கலந்து, மண் அணைத்துவிட வேண்டும். வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து தண்டின் வழியே இலைக்கு ஏறிவிடும். அங்கிருந்து காய்க்கு இறங்கி வராது. எனவே வளரும் காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே அதை நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது கிடைக்காதபோதுதான் ஓடு பெரிதாகவும் உள்ளே பருப்பின்றியும் பொக்கு விழுகிறது. ஜிப்சத்திலுள்ள கந்தகம் எண்ணெய்ச் சத்தைக் கூட்டும் என்பது கூடுதல் ஆதாயம். மண் அணைப்பதால், தண்டின் மேற்கணுக்களில் தொங்கும் விழுதுகளுக்கும் மண் எட்டும். மானாவாரியில் அந்த நாளில் ஈரம் இல்லையென்றால், மழைக்காகச் சில நாள் பொறுத்து இடலாம். அணைத்த பிறகு களைக்கொத்தை நிலத்தில் இறக்கவே கூடாது. இறங்கிய விழுது அறுந்தால் மீண்டும் மண்ணைப் பிடிக்காது. அதன்பின் தலைகாட்டும் களையைக் கையால் பிடுங்கினால் போதும்.

பூச்சிகளில் மானாவாரிக்காரரை அதிகம் வாட்டுவது சிவப்புக் கம்பளிப்புழு. பருவத்தின் முதல் நல்ல மழை பெய்த ஓரிரு நாட்களில் மண்ணிலிருந்து அதன் அந்துப்பூச்சிகள் கூட்டமாகக் கிளம்பும். அந்த இரவுகளில் ஊரே சேர்ந்து விளக்குப்பொறி வைப்பதும், இலையடியில் கொத்தாகக் கிடக்கும் முட்டைகளைக் கிள்ளி அழிப்பதும், புழு பெருத்து வயலை மொட்டையடித்த பிறகு மருந்தடிப்பதைவிட எவ்வளவோ மேல். வரப்போரம் ஆமணக்கு நட்டால் புகையிலைப் புழு முதலில் அதில் முட்டையிடும். அந்த இலைகளைப் பார்த்துக் கிள்ளிவிடலாம். காட்டுப்பன்றிக்கும் மயிலுக்கும் இப்படி எளிய வழி எதுவும் இல்லை. காவல் ஒன்றே கைகொடுக்கும்.

அறுவடைக்கு நாள் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. நூறு நாளை நெருங்கியதும் வயலின் நான்கைந்து இடங்களில் செடியைப் பிடுங்கி, காயை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். இளங்காயில் அது வெள்ளையாகப் பஞ்சுபோல் இருக்கும். முற்றியதில் பழுப்பும் கருமையுமாகத் திட்டுத் திட்டாக மாறியிருக்கும். பத்துக் காய்களில் ஏழெட்டு அப்படியிருந்தால் பிடுங்கலாம். கொத்து இரகங்களின் பருப்புக்கு விதையுறக்கம் இல்லாததால், முற்றிய பிறகு மழை பிடித்துக்கொண்டால் காய் நிலத்திலேயே முளைத்துவிடும். வானிலையைப் பார்த்து ஓரிரு நாள் முந்திக்கொள்வதில் நட்டமில்லை. மண் காய்ந்திருந்தால் ஒரு தண்ணீர் விட்டுப் பிடுங்கினால் காய் அறாது.

பிடுங்கிய செடியை ஈரத்தோடு குவியல் போடுவதே, பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சுக்கு வழிவிடுகிறது. சூடேறிய குவியலுக்குள் பூசணம் விரைந்து வளரும். காய் மேலே இருக்குமாறு செடிகளைத் தலைகீழாகப் பரப்பிக் காயவைத்து, காயை ஆய்ந்து, குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும் வரை உலர்த்திய பிறகே மூட்டை பிடிக்க வேண்டும். அடுத்த பட்டத்துக்கான விதையைக் காயாகவே, தரையில் படாமல் கட்டைகள்மீது அடுக்கி வைத்து, விதைப்புக்கு முந்தைய வாரத்தில் கையால் உடைத்துக்கொள்ளலாம். எந்திரத்தில் உடைத்தால் தோல் கீறல் விழுந்து முளைப்பு குறைந்துபோகும்.