கைப்பேசியால் வீட்டை அளந்து அலமாரி வாங்குவது

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், தளவாடக் கடை லோரி அலமாரியை வாசலில் இறக்கிய பிறகுதான் அது கிரில் கதவுக்குள் நுழையாது என்பது பலருக்குத் தெரியவரும். கையில் இருக்கும் கைப்பேசி அதை முன்கூட்டியே சொல்லிவிடும். கேமராவில் தெரியும் அறையின் மேலேயே கோடு இழுத்து நீளம் காட்டும் இந்த நுட்பத்தை மிகை மெய்ம்மை என்கிறோம். செயலிகளில் ‘ஏஆர்’ என்று போட்டிருக்கும்.

ஐபோன் 6எஸ் தொடங்கி ‘மெஷர்’ செயலி உண்டு. ஆண்ட்ராய்டில், பிளே ஸ்டோரில் ‘கூகல் பிளே சர்வீசஸ் ஃபார் ஏஆர்’ என்று தேடுங்கள். உங்கள் கைப்பேசிக்குப் பொருந்தாது என்று வந்தால் அதோடு விட்டுவிட்டு டேப்பை எடுங்கள். பொருந்தினால் ‘ஏஆர் ரூலர்’ என்று தேடிக் கிடைப்பதில் ஒன்றைப் போடலாம். அளப்பதற்குக் கேமரா அனுமதி போதும். தொடர்பு எண்களையும் கேட்கும் செயலி நமக்கு வேண்டாம்.

செயலியைத் திறந்து, தரையை நோக்கிக் கைப்பேசியை இடம் வலமாக மெல்ல நகர்த்துங்கள். திரையில் புள்ளி நிலைத்ததும் அதை ஒரு முனையில் வைத்து கூட்டல் குறியைத் தட்டி, மறுமுனைக்கு நடந்து போய் மீண்டும் தட்டுங்கள். நின்ற இடத்திலிருந்தே தூரத்து முனையைக் குறிவைத்தால் பிசகும்.

கேமரா, தரையிலுள்ள மூலை, கீறல், கறை போன்ற அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு, கைப்பேசி நகர நகர அவை எவ்வளவு இடம் மாறுகின்றன என்று பார்க்கிறது. உள்ளே இருக்கும் அசைவு உணரிகளின் கணக்கையும் சேர்த்துத்தான் தூரம் வருகிறது. அதனால் வெறும் வெள்ளைச் சுவர், பளபளக்கும் டைல்ஸ், நிலைக்கண்ணாடி எல்லாம் அதற்கு எதிரிகள். ஒரே நிறத்தில் வழவழவென்று இருக்கும் சிமெண்டுத் தரையிலும் புள்ளி வழுக்கிக்கொண்டே போகும். பழைய நாளிதழ் இரண்டை விரித்துப் போட்டால் நின்றுவிடும். பிற்பகல் மழை இருட்டில் அளக்காதீர்கள், அல்லது எல்லா விளக்கையும் போடுங்கள்.

நம்புவதற்கு முன் ஒரு சோதனை. ஏ4 தாளின் நீளப் பக்கம் 29.7 செ.மீ. அதை அளந்து பாருங்கள். அதில் 1 செ.மீ. பிசகினால், 2 மீட்டரில் ஏறக்குறைய 7 செ.மீ. பிசகும். அப்போது செயலியை மூடித் திறந்து மறுபடி தொடங்குவதே வழி. சரியாக வந்தாலும் ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுத்து, இடத்துக்குச் சிறியதையும் சாமானுக்குப் பெரியதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறையை மட்டும் அளந்துவிட்டுக் கடைக்குப் போவதுதான் வழக்கமான தவறு. முதலில் அளக்க வேண்டியது கிரில். மரக்கதவின் நிலை அகலமாக இருக்கும்; மடிந்து ஒதுங்கும் கிரில் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். முழுக்கத் திறந்து வைத்து மிச்ச வழியை அளங்கள். பிறகு உள்ளே திரும்பும் மூலை, அறைக்கதவு, கடைசியாக மேற்கூரை. 200 செ.மீ. உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள அலமாரியைப் படுக்கவைத்துக் கொண்டுபோய் நிமிர்த்தும்போது, அதன் மூலைவிட்டம் 209 செ.மீ. வரை எழும்பும். காற்றாடியின் இறக்கை தாழ்வாக இருந்தால் அங்கேதான் இடிக்கும். பெரிய கடைகள் சில, சோபாவையே முப்பரிமாணமாக உங்கள் அறையில் வைத்துக் காட்டும் செயலி தருகின்றன. பட்டணத்துக் கடையில் அது இல்லாவிட்டாலும் குறையில்லை: சோபாவின் அளவுக்கு நாளிதழைத் தரையில் ஒட்டி, ஒரு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். பலகை அறுக்க, கண்ணாடி வெட்ட மட்டும் கைப்பேசி அளவைத் தச்சரிடம் கொடுக்காதீர்கள். அதற்கு டேப்தான்.

இதே கேமரா மலாய்க் கடிதத்தையும் தமிழில் காட்டும். கூகல் டிரான்ஸ்லேட்டில் மலாய், தமிழ் இரண்டையும் முன்பே பதிவிறக்கிக்கொண்டால், தோட்டத்துக்குள் லைன் கிடைக்காத இடத்திலும் பயன்படும். தாளைத் தட்டையாக வைத்து, விளக்கொளி பளிச்சிடாமல் பிடியுங்கள். சொற்களை அப்படியே நம்ப வேண்டாம். சம்பளச் சீட்டில் ‘பொத்தோங்ஙான்’ என்பது பிடித்தம். மொழிபெயர்ப்பில் ‘வெட்டு’ என்று வந்தால், சம்பளத்தையே குறைத்துவிட்டார்கள் என்று பதறாமல், எதிரே சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) எண்கள் இருக்கின்றனவா என்று மூலத்தைப் பாருங்கள்.