நிலைமின்னியல் கணக்குகள்: சமன்பாடு எழுதுமுன் நின்று பார்க்க வேண்டிய இடங்கள்

திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். நிலைமின்னியல், அதாவது ஓய்வில் இருக்கும் மின்னேற்றங்கள் பற்றிய பகுதி, கொப்பிகளைத் திருத்தும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பெருக்கலிலும் வகுத்தலிலும் பிள்ளைகள் அவ்வளவாகப் பிழை விடுவதில்லை. வினாவை வாசித்து முடிக்குமுன்பே சமன்பாட்டை எழுதிவிடுகிறார்கள், அங்கேதான் புள்ளி போகிறது. அவசரம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கும் தெரியும். முதலாம் பத்திரத்தில் 2 மணித்தியாலத்துக்குள் 50 வினா, கணிப்பானும் கிடையாது. ஆனால் கீழே சொல்லும் இடங்களில் அரை நிமிடம் நின்றாலே போதும்.

முதலாவது, மின்புலத்தையும் மின்னழுத்தத்தையும் (சுருக்கமாக அழுத்தம்) ஒன்றாக நினைப்பது. 4 நனோகூலோம் நேர் ஏற்றம் ஒன்று, அதே அளவு மறை ஏற்றம் ஒன்று, இடைத்தூரம் 6 சென்ரிமீற்றர். நடுப்புள்ளியில் அழுத்தம் பூச்சியம். உடனே "மின்புலமும் பூச்சியம்" என்று எழுதுகிறார்கள். இல்லை. நேர் ஏற்றம் தள்ளும் பக்கமும் மறை ஏற்றம் இழுக்கும் பக்கமும் ஒன்றே. இரண்டும் கூடி, கூலோமுக்கு 80,000 நியூற்றன் வருகிறது. இரண்டுமே நேர் ஏற்றமானால் கதை தலைகீழ்: மின்புலம் பூச்சியம், அழுத்தமோ 2400 வோல்ற்று.

கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போயிருப்பீர்கள். கடல்மட்டத்திலிருந்து உயரத்தை அழுத்தம் என்று வையுங்கள், சரிவின் செங்குத்தை மின்புலம் என்று வையுங்கள். மேலே சமதரையில் நிற்கும்போது உயரம் நிறைய, சரிவு இல்லை. கோயிலருகே உள்ள பாறைப் பிளவான இராவணன் வெட்டின் அடியில், தண்ணீர் தொடும் இடத்தில், உயரம் பூச்சியம், பாறையோ செங்குத்தாக நிற்கிறது. ஏற்றம் பெற்ற கடத்திக் கோளத்தின் உள்ளே இருப்பது மேலே உள்ள அந்தச் சமதரைதான். அங்கே மின்புலம் பூச்சியம், அழுத்தம் மேற்பரப்பில் உள்ள அதே பெறுமானம். அதைப் பூச்சியம் என்று எழுதிய விடைகளை எத்தனையோ தடவை வெட்டியிருக்கிறேன்.

குறி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். மின்புலம் காவி, அதற்குத் திசை உண்டு. அழுத்தம் எண்ணி, அதற்குத் திசை இல்லை. மின்புலத்துக்குப் பருமனை மட்டும் கணித்துவிட்டு, திசையைப் படத்தில் அம்புக்குறியாகப் போடுங்கள். அழுத்தத்துக்கு மறை ஏற்றத்தின் மறைக்குறியைக் கட்டாயம் பிரதியிட வேண்டும்.

அலகுகளைப் பற்றிக் கொஞ்சம். 3 சென்ரிமீற்றரின் வர்க்கம் மீற்றரில் 9×10⁻⁴, 9×10⁻² அல்ல. 100 சதுர சென்ரிமீற்றர் என்பது 10⁻² சதுர மீற்றர். அந்தப் பரப்புள்ள இரண்டு தட்டுகளை 1 மில்லிமீற்றர் இடைவெளியில் காற்றில் வைத்தால் கொள்ளளவம், அதாவது ஒரு வோல்ற்றுக்குச் சேரும் ஏற்றம், 88.5 பிக்கோபரட். உள்ளங்கை அளவு தட்டுக்கு மைக்ரோபரட்டில் விடை வந்தால் அடுக்கைத் திரும்பப் பாருங்கள். அதேபோல, காற்றில் மின்புலம் மீற்றருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் வோல்ற்றைத் தாண்டினாலே பொறி பறக்கும். சாதாரணக் கணக்கில் அதைவிடப் பெரிய எண் வந்தால் எங்கோ ஒரு மைக்ரோவோ நனோவோ தவறியிருக்கலாம்.

இனிக் கொள்ளளவி, அதாவது ஏற்றத்தைச் சேர்த்து வைக்கும் இப்படியான தட்டுச் சோடி. தொடர் இணைப்பில் 3, 6 மைக்ரோபரட்களின் தலைகீழ்களைக் கூட்டி 1/2 என்று வந்ததும் பலர் விடையை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். தலைகீழாக்கினால்தான் 2. 12 வோல்ற்றுக்கு இணைத்தால் இரண்டிலும் ஒரே ஏற்றம், 24 மைக்ரோகூலோம். அப்போது சிறிய கொள்ளளவிக்கு 8 வோல்ற்று, பெரியதற்கு 4. தடைகளின் பழக்கத்தில் இதை மாற்றி எழுதுவார்கள்.

என் அனுபவத்தில் அதிகம் பேர் விழும் குழி தட்டுகளை விலக்கும் கணக்கு. 2 மைக்ரோபரட் கொள்ளளவியை 12 வோல்ற்றுக்கு ஏற்றியாயிற்று. ஏற்றம் 24 மைக்ரோகூலோம், சக்தி 144 மைக்ரோயூல். தட்டுகளின் இடைவெளியை இருமடங்காக்கினால் கொள்ளளவம் 1 மைக்ரோபரட் ஆகும். சரி, சக்தி கூடுமா, குறையுமா? பற்றரி இன்னும் இணைந்திருக்கிறதா என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. இணைந்திருந்தால் 12 வோல்ற்று மாறாது. ஏற்றம் 12 ஆகவும் சக்தி 72 ஆகவும் குறையும். கழற்றிவிட்டு விலக்கினால் ஏற்றம் போக வழியில்லை, 24 அப்படியே இருக்கும். வோல்ற்றளவு 24 ஆகும், சக்தி 288 ஆகக் கூடும். கூடிய சக்தி தட்டுகளை இழுத்த கையின் வேலை. ஆகவே வினாவில் "பற்றரியைத் துண்டித்த பின்" என்ற சொற்களைத் தேடி அடிக்கோடிடுங்கள். ஏற்றமா வோல்ற்றளவா, மாறாதது எது என்று பக்கத்தில் எழுதிவிட்டு அப்புறம் சமன்பாட்டுக்குப் போங்கள்.

அதே 2 மைக்ரோபரட்டை 12 வோல்ற்றில் ஏற்றி, பற்றரியைக் கழற்றி, ஏற்றமில்லாத 4 மைக்ரோபரட்டோடு சமாந்தரமாக இணைத்தால்? சக்திக் காப்பைப் போட்டு 6.9 வோல்ற்று என்கிறார்கள். இங்கே காக்கப்படுவது ஏற்றம்: 24ஐ 6ஆல் வகுத்தால் 4 வோல்ற்று. மிஞ்சிய சக்தி 48 மைக்ரோயூல்தான், மற்ற 96 கம்பிகளில் வெப்பமாகவும் பொறியாகவும் போய்விட்டது.

இன்னொன்றைச் செய்து பாருங்கள். இரண்டையும் தனித்தனியே 12 வோல்ற்றுக்கு ஏற்றி, நேர் முனையோடு மறை முனை சேரும்படி இணையுங்கள். 48இலிருந்து 24 கழிந்து மீதி 24, மறுபடியும் 4 வோல்ற்றுதான். ஆனால் தொடக்கத்தில் இருந்தது 432 மைக்ரோயூல், எனவே இம்முறை வீணாவது 384.