புற்றுநோய்ச் சோதனைக்கு நாள் கடத்தாமல் போய்ச் சேர்வது எப்படி?

புற்றுநோயோ என்ற ஐயம் எழுந்த பிறகு வீணாகும் நாள்களில் பல, ஸ்கேன் அறையின் வாசலில் அல்ல, முதலில் பார்த்த மருத்துவரிடமிருந்து சோதனை நடக்கும் இடத்துக்குப் போகும் வழியிலேயே கழிந்துவிடுகின்றன. அந்த வழியைச் சுருக்குவதில் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் பங்குண்டு.

முதல் சந்திப்பில் "கொஞ்ச நாளாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். தொடங்கிய தேதியைச் சொல்லுங்கள். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், தெளியாத குரல் கம்மல், மார்பகத்தில் புதிதாகத் தட்டுப்படும் கட்டி, வலியே இல்லாமல் சிறுநீரில் வரும் இரத்தம், மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் உதிரப்போக்கு, காரணமின்றிக் குறையும் எடை ஆகியவற்றில் எதுவும் காத்திருந்து பார்க்க வேண்டியதல்ல. மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று தாமாகவே முடிவு கட்டிக்கொள்வோர் ஏராளம். மருத்துவர் மருந்து எழுதினால், எத்தனை நாளில் குணம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அடுத்து எந்தச் சோதனை என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். அதே மருந்தை மூன்றாம் முறை வாங்குவதைவிட இந்தக் கேள்வி பயனுள்ளது.

மேல் சோதனைக்குப் பரிந்துரை கிடைத்தாலே நோய் உறுதி என்று அஞ்ச வேண்டாம். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புற்றுநோய்க்கான வாய்ப்பு 3 சதவீதம் இருந்தாலே பெரியவர்களை அவசரமாக அனுப்பலாம் என்ற அளவுகோலைக் கொண்டது. அப்படி அனுப்பப்படுவோரில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பரிந்துரைக் கடிதம். "வயிற்றுக் கோளாறு, பரிசோதிக்கவும்" என்று மட்டும் எழுதிய கடிதம் வரிசையின் கடைசிக்குத்தான் போகும். "வயது 58, ஆறு வாரமாக மலத்தில் இரத்தம், இரண்டு மாதத்தில் எடை 5 கிலோ குறைவு, ஹீமோகுளோபின் 9.2, இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்கிறார், புற்றுநோய் ஐயம், அவசரமாகக் கொலனோஸ்கோபி தேவை" என்று (கொலனோஸ்கோபி என்பது பெருங்குடலுக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் சோதனை) எழுதிய கடிதத்தைப் படிப்பவர், நோயாளியைப் பார்க்காமலேயே அவசரத்தைப் புரிந்துகொள்வார். கடிதத்தை வாங்கியதும் படித்துப் பாருங்கள். விடுபட்டதைச் சேர்க்கச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். ஒரு நகலை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாளில் தேதி வராவிட்டால் அழைத்துக் கேளுங்கள்.

குறித்த நாளில் திருப்பி அனுப்பப்படுவதற்கும் வழக்கமான காரணங்கள் உண்டு. சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்குப் பல இடங்களில் சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் அண்மைய கிரியாட்டினின் அளவைக் கேட்பார்கள். அதை முன்கூட்டியே எடுத்துவிடலாம். இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பயாப்சி (சோதனைக்காகத் திசு எடுத்தல்) முடிந்ததும் முடிவு எந்த நாளில், யார் கையில் வரும் என்று குறித்துக்கொள்ளுங்கள். தகவல் வரவில்லை என்பதற்கு எல்லாம் நலம் என்று பொருளல்ல. அறிக்கை யாருடைய மேசையிலாவது கிடக்கலாம். மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை, முதல் சந்திப்பிலிருந்து 60 நாள்களுக்குள் நோயறிதல் முடிய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள இலக்கு. அறிக்கையில் "திசு போதவில்லை" என்று இருந்தால், அது நோய் இல்லை என்ற முடிவல்ல. மறு பயாப்சிக்கான தேதியை அன்றைக்கே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.