சாம்பா சர்வர் திணறுகிறதா? முதலில் எந்த கம்ப்யூட்டர் என்று பாருங்கள்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகம். அங்கே லினக்ஸ் ஃபைல் சர்வரில் ஓடுவது சாம்பா, அதாவது விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஃபைல்களைப் பகிரும் மென்பொருள். அந்த சர்வரின் சிபியூ காலையிலிருந்தே 100 சதவீதத்தில் நின்றது. இப்படி ஆனால் உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், தடயம் போய்விடும்.

இணையும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சாம்பா தனி பிராசஸ் ஓட்டும். 'டாப்' (top) கட்டளையில் சிபியூவை அதிகம் இழுக்கும் பிராசஸின் எண்ணைக் குறித்துக்கொண்டு, இணைந்திருக்கும் கம்ப்யூட்டர்களைக் காட்டும் 'எஸ்எம்பிஸ்டேட்டஸ்' (smbstatus) பட்டியலில் தேடுங்கள், ஆள் தெரிந்துவிடும். அங்கே அது பில்லிங் கம்ப்யூட்டர். பல வருட ஸ்கேன் பில்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில்! விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பிரித்துப் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். அதனால் கேட்ட பெயர் அப்படியே கிடைக்காவிட்டால் சாம்பா முழு ஃபோல்டரையும் துழாவும். வருடவாரியாகப் பிரித்தோம், சர்வர் அடங்கியது.

லாக் லெவலையும், அதாவது சாம்பா தன் வேலைகளை எவ்வளவு விவரமாகப் பதிவு செய்கிறது என்ற அளவையும் பாருங்கள். சோதனைக்கு 10 வைத்திருந்தால் அதுவும் சர்வரை இழுக்கும், மறக்காமல் குறைத்துவிடுங்கள்.