பின்சக்கரத்தில் மட்டும் ஆணி டயர் போதாது

ஆஸ்லோவில் நவம்பர் மாதம் நான் அஞ்சுவது பனிப்பொழிவுக்கு அல்ல. பகலில் உருகிய நீர் இரவில் உறைந்து, தார் நிறத்திலேயே கண்ணாடிபோல் கிடக்குமே, அந்த மெல்லிய பனிக்கட்டிக்குத்தான். ஆக்கர்செல்வா ஆற்றோரப் பாதையில் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது அதில்தான் விழுந்தேன்.

அப்போது பின்சக்கரத்தில் மட்டும் ஆணி டயர், அதாவது வழுக்காமலிருக்க உலோக ஆணிகள் பதித்த டயர், போட்டிருந்தேன். மிதிக்கும் விசை அங்கேதானே போகிறது என்று நினைத்தது தவறு. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் காலை ஊன்றிச் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் யோசிக்கக்கூட நேரமிருக்காது. தோள் தரையில் மோதியிருக்கும். ஒரு டயர்தான் வாங்க முடியும் என்றால், அதை முன்னால் போடுங்கள். நான் அன்று மாலையே இன்னொன்றும் வாங்கினேன்.

புதிய டயரை உடனே பனிக்கட்டியில் இறக்கவில்லை. டங்ஸ்டன் கார்பைடு முனைகொண்ட ஆணிகள் ரப்பரில் நன்றாக அமர்வதற்காக, சுமார் 40 கிலோமீட்டர் வெறும் தார்ச்சாலையில், பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல் ஓட்டினேன். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் இதைத் தவிர்த்தால் ஆணிகள் சீக்கிரம் கழன்று விழக்கூடும்.

பிறகும் வளைவுகளில் பிடிமானம் போதவில்லை. காரணம் காற்று. 5 பார் (காற்றழுத்த அலகு) அடைத்திருந்தேன். 3 பாராகக் குறைத்ததும் டயர் தரையில் அகன்று பதிந்தது. ஓரத்து ஆணிகளும் பனிக்கட்டியைக் கவ்வத் தொடங்கின. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

மிதிக்கச் சற்றே கனக்கிறது. அலுவலகம் சேர 5 நிமிடம் கூடுதலாகிறது. தார்ச்சாலையில் எழும் அந்தக் கரகரச் சத்தம் எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது.